சிறு படகுக்கு ஹைட்ராலிக் இயக்கமா, மின் இயக்கமா? காவிரி டெல்டாவில் முடிவெடுப்பதற்கான வழிகாட்டி

காவிரி டெல்டாவின் கடைமடைப் பகுதியில் புதிதாகப் படகு கட்டுபவர்களும், இருக்கும் படகை மாற்றியமைக்க நினைப்பவர்களும் இப்போது இரண்டு யோசனைகளோடு வருகிறார்கள். டீசல் எஞ்சினைப் படகின் ஏதோ ஒரு மூலையில் வைத்து, எண்ணெய் அழுத்தத்தைக் குழாய் வழியே கொண்டுசென்று புரொப்பல்லரைச் சுழற்றும் ஹைட்ராலிக் இயக்கம் ஒன்று. பேட்டரியும் மோட்டாரும் கொண்ட மின் இயக்கம் மற்றொன்று. இரண்டில் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. உங்கள் படகு ஒரு நாளில் எத்தனை யூனிட் ஆற்றலைச் செலவழிக்கிறது, எத்தனை மணி நேரத்தில் செலவழிக்கிறது, மாலையில் எந்தக் கரைக்குத் திரும்புகிறது என்ற மூன்றும் தெரிந்துவிட்டால் முடிவு ஏறக்குறைய எடுக்கப்பட்டுவிட்டதாகவே கொள்ளலாம். 10 மீட்டருக்கு உட்பட்ட, ஆற்றிலும் வாய்க்காலிலும் உப்பங்கழியிலும் ஓடும் படகுகளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

நேரடி ஷாஃப்ட் போதாதா?

இந்தக் கேள்வியைத் தாண்டாமல் மற்ற இரண்டுக்கும் போகக் கூடாது. எஞ்சின், கியர்பாக்ஸ், ஷாஃப்ட், புரொப்பல்லர் என்று நேர்கோட்டில் அமைந்த படகில் கியர்பாக்ஸிலும் பேரிங்கிலும் வீணாவது 3 முதல் 5 விழுக்காடுதான். ஹைட்ராலிக் அமைப்பில் பம்பு, மோட்டார், வால்வு, குழாய் என ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய், எஞ்சின் தரும் திறனில் 65 முதல் 80 விழுக்காடு வரை மட்டுமே புரொப்பல்லருக்கு வந்து சேரும். மின் இயக்கத்தில் பேட்டரியிலிருந்து புரொப்பல்லர் ஷாஃப்ட் வரை 80 முதல் 85 விழுக்காடு எதிர்பார்க்கலாம். பழையாறிலிருந்தோ நாகப்பட்டினத்திலிருந்தோ கடலுக்குள் போய், ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓடித் திரும்பும் ஃபைபர் படகுக்கு இந்த இரண்டு இயக்கங்களாலும் ஆதாயம் இல்லை. இருக்கும் எஞ்சினை நன்றாகப் பராமரிப்பதே அதற்கு லாபம்.

நேரடி ஷாஃப்டை விட்டு விலகுவதற்கு நியாயமான காரணங்கள் சில உண்டு. எஞ்சினைப் புரொப்பல்லரின் நேர்கோட்டில் வைக்க இடமில்லாமல் இருக்கலாம். ஆழம் குறைந்த இடத்தில் புரொப்பல்லரைத் தூக்கியாக வேண்டியிருக்கலாம். அதே எஞ்சினைக் கொண்டு வெட்டுக்கத்தியையும் கன்வேயரையும் இயக்க வேண்டியிருக்கலாம். இல்லையென்றால் சத்தமும் புகையும் உங்கள் தொழிலுக்கே ஆகாமல் இருக்கலாம். முதல் மூன்றும் ஹைட்ராலிக் பக்கம் இழுக்கும் காரணங்கள், கடைசிக் காரணம் மின் இயக்கத்தின் பக்கம் இழுக்கும். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த பிச்சாவரம் அலையாத்திக் காட்டின் ஒடுங்கிய கால்வாய்களில் பறவை பார்க்க வருபவரை, தடதடக்கும் எஞ்சினோடு அழைத்துச் செல்வதில் பொருள் இல்லை.

ஒரு நாளின் ஆற்றலை அளந்தறிதல்

இது மிக எளிமையானது. ஆனால் பெரும்பாலோர் செய்யாமல் விட்டுவிடுவதும் இதைத்தான். இப்போது ஓடும் படகிலோ, அதே அளவுள்ள வேறொருவரின் படகிலோ டீசல் டேங்கைக் கழற்றிவிட்டு, அளவுக்கோடு போட்ட 5 லிட்டர் கேனிலிருந்து எஞ்சினுக்குக் குழாய் கொடுங்கள். எஞ்சினிலிருந்து திரும்பிவரும் டீசல் குழாய் இருந்தால் அதையும் அதே கேனுக்குள் விடுங்கள். வழக்கமான சுமையோடு, வழக்கமான பாதையில், போகவும் வரவும் ஓட்டிக் குறைந்த அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். 1 லிட்டர் டீசலில் ஏறக்குறைய 10 யூனிட் ஆற்றல் இருக்கிறது. அதில் சிறிய டீசல் எஞ்சின் ஷாஃப்டுக்குத் தருவது 2.5 முதல் 3 யூனிட். பெட்ரோல் அவுட்போர்டு என்றால் லிட்டருக்கு 2 யூனிட்டுக்கு மேல் கணக்கிடாதீர்கள். இங்கே யூனிட் என்பது மின்கட்டணக் கணக்கில் வரும் அதே கிலோவாட் மணிதான். மணிக்கு 1 லிட்டர் டீசல் குடிக்கும் படகு சராசரியாக 2.5 முதல் 3 கிலோவாட் வேலை செய்கிறது என்று பொருள். பத்துக் குதிரைத்திறன் எஞ்சின், அதாவது சுமார் 7.5 கிலோவாட், பொருத்தப்பட்ட படகு நாள் முழுவதும் அதில் பாதியைக்கூடப் பயன்படுத்தாமல் ஓடிக்கொண்டிருப்பது இந்த அளவையில்தான் தெரியவரும்.

ஓடும் நேரத்தோடு வேகத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். தண்ணீரைக் கிழித்துச் செல்லும் சாதாரணப் படகுக்குத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தை ஒட்டி உயர்கிறது. ஆகவே வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் திறன் தேவை ஏறக்குறைய பாதியாகிவிடும். முத்துப்பேட்டைக் காயல் போன்ற இடத்தில் இதற்கு மேலும் ஒரு கணக்கு இருக்கிறது. 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் அலை நகரக்கூடிய உச்ச வேகம் மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர். படகின் வேகம் அதை நெருங்க நெருங்க அமரம் தாழ்ந்து, பின்னால் அலை எழும்பி, எவ்வளவு திறன் கொடுத்தாலும் படகு முன்னேறாமல் முக்கும். கலங்கிய சேறு புரொப்பல்லரிலிருந்து மேலே வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அந்தக் காயலில் மணிக்கு 7 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டத் திட்டமிடுவது எந்த இயக்கத்துக்கும் வீண்செலவு என்பது என் கருத்து.

மின் இயக்கத்துக்கான கணக்கு

எடுத்துக்காட்டாக, முத்துப்பேட்டை அருகே ஜாம்புவானோடையிலிருந்து காயலுக்குப் போய்வரும் எட்டுப் பேர் படகு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு இரண்டு நடை, ஒவ்வொன்றிலும் 2 மணி நேர ஓட்டம், சராசரித் தேவை 2.5 கிலோவாட் என்று அளந்து கண்டதாக வைத்துக்கொண்டால், நடைக்கு 5 யூனிட் ஷாஃப்டில் வேண்டும். மோட்டாரிலும், அதற்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரிலும் வீணாவதைச் சேர்த்தால் பேட்டரியிலிருந்து எடுப்பது சுமார் 5.9 யூனிட். பேட்டரியின் கடைசி 20 விழுக்காட்டைத் தொடக் கூடாது என்பதையும், எதிர்க்காற்றுக்கும் ஓதத்துக்கும் இன்னொரு 20 விழுக்காட்டை ஒதுக்க வேண்டும் என்பதையும் சேர்த்து 0.6ஆல் வகுத்தால் ஒரு நடைக்கு ஏறத்தாழ 10 யூனிட் பேட்டரி தேவை. இரண்டு நடைக்கும் இரவில் மட்டும்தான் சார்ஜ் செய்ய முடியும் என்றால் 20 யூனிட்.

இந்த 10க்கும் 20க்கும் உள்ள வேறுபாடுதான் முழு முடிவையும் மாற்றுகிறது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, பெட்டியோடு சேர்த்து, யூனிட்டுக்குச் சுமார் 10 கிலோ எடை இருக்கும். 20 யூனிட் என்றால் 200 கிலோ, அதாவது இரண்டு மூன்று பயணிகளின் எடை. விலையும் அதே விகிதத்தில் இரட்டிக்கும். அதற்குப் பதிலாக, உச்சி வெயிலில் பயணிகள் வராத 2 மணி நேரத்தில் படகுத்துறையில் சாதாரண ஒற்றை முனை இணைப்பிலிருந்து 3 கிலோவாட் சார்ஜர் போட்டால் 6 யூனிட் ஏறிவிடும். 10 யூனிட் பேட்டரியே போதும். எனவே படகைப் பார்ப்பதற்கு முன்னால் படகுத்துறையைப் பாருங்கள். அங்கே மின்கம்பம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, பிற்பகலில் மின்னழுத்தம் எவ்வளவுக்கு இறங்குகிறது, இணைப்பு யார் பெயரில் கிடைக்கும் என்பவற்றை விசாரித்து எழுதிவைத்துக்கொண்ட பிறகே பேட்டரி விற்பவரிடம் பேச வேண்டும்.

பாதை குறுகியதாகவும் மாறாததாகவும் இருக்கும் இடத்தில் மின் படகு நன்றாகவே உழைக்கிறது என்பதற்குக் கேரளம் சான்று. வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே அம்மாநில நீர்ப்போக்குவரத்துத் துறை 2017 ஜனவரியில் விட்ட ‘ஆதித்யா’ 75 பேரை ஏற்றும் சூரியசக்திப் படகு. அதன் பேட்டரி சுமார் 50 யூனிட், கூரையில் 20 கிலோவாட் தகடுகள். 2023 ஏப்ரலில் தொடங்கிய கொச்சி வாட்டர் மெட்ரோவும் கரையில் சார்ஜ் ஏற்றும் முறையையே நம்பியிருக்கிறது. ஆனால் ஆதித்யா 20 மீட்டர் நீளமுள்ள இரட்டை உடல் படகு என்பதை நினைவில் கொள்ளுங்கள். நம் ஊர்ச் சிறு படகின் கூரையில் 5 சதுர மீட்டர் இடம் கிடைத்தால் 1 கிலோவாட் தகடு பொருத்தலாம், நல்ல வெயில் நாளில் 4 யூனிட் கிடைக்கும், மேலே சொன்ன தேவையில் மூன்றில் ஒரு பங்கு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அதுவும் சுருங்கிவிடும். அந்த நாள்களில் வீசும் வாடைக்காற்றைப் பிடித்துப் படகைப் பக்கவாட்டில் தள்ளும் வேலையையும் அந்தக் கூரையே செய்யும். தகட்டைத் துணை வருமானமாகக் கருதலாம், முதலாகக் கருத வேண்டாம்.

மின்னழுத்தத்தில் புதியவர்கள் 48 வோல்ட்டைத் தாண்ட வேண்டாம். ஈரக்கையோடு வேலை செய்யும் இடத்தில் உயர் மின்னழுத்தம் தனிப் பயிற்சி கேட்கும். 48 வோல்ட்டில் 5 கிலோவாட் எடுத்தால் 100 ஆம்பியருக்கு மேல் ஓடும் என்பதால், பேட்டரி மோட்டாருக்கு அருகிலேயே இருக்க வேண்டும். 35 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத, வெள்ளீயம் பூசிய செம்புக் கேபிளைப் பயன்படுத்த வேண்டும். பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் இருக்க வேண்டும். வேதாரண்யத்து உப்புக்காற்று கேபிள் முனைகளில் பச்சை பூக்க வைக்க ஒரு பருவம் போதும். ஆகவே முனைகளை, சூடாக்கினால் சுருங்கிப் பிடிக்கும் பசையுள்ள உறையால் மூடுவதும், பெட்டிகளை நீர்புகாத் தரத்தில் வாங்குவதும் ஆடம்பரச் செலவு அல்ல. பேட்டரியின் காவல் மின்சுற்று, அளவு மீறினால் முன்னறிவிப்பின்றி முழு மின்சாரத்தையும் துண்டித்துவிடும். முகத்துவார நீரோட்டத்தில் அது நடந்தால் ஆபத்து. 30 விழுக்காட்டில் ஒலிக்கும் மணி ஒன்றும், ஊன்றுகழியும் துடுப்பும் எப்போதும் படகில் இருக்கட்டும்.

இன்னொன்றையும் எடை போட்டுப் பார்க்க வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த பிறகு, டெல்டாவில் பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. வெள்ளக் காலத்தில் ஆள் ஏற்றவும் அரிசி ஏற்றவும் படகு வேண்டும் என்று எண்ணும் ஊராட்சியோ சங்கமோ, மின் படகு வாங்கினால் சார்ஜ் செய்யச் சிறு ஜெனரேட்டரையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

ஹைட்ராலிக் இயக்கத்துக்கான கணக்கு

வெங்காயத்தாமரை அள்ளும் மிதவையைப் பாருங்கள். வழக்கமாக ஜூன் 12இல் மேட்டூர் திறந்து ஜனவரி 28இல் மூடும் வரை தண்ணீர் ஓடும் ஆறுகளில், தடுப்பணைக்கு மேலே அடைத்துக்கொண்டு நிற்கும் செடியை அகற்ற இத்தகைய மிதவை நாளொன்றுக்கு 8 மணி நேரம் உழைக்க வேண்டும். நகர்வதற்கு மட்டுமல்லாமல் வெட்டவும் அள்ளவும் சேர்த்துச் சராசரி 12 கிலோவாட் வேண்டும் என்று கொண்டால், நாளுக்கு 96 யூனிட். இதைப் பேட்டரியில் தாங்க, எதிர்க்காற்றுக்கான ஒதுக்கீட்டைச் சேர்க்காமலே 140 யூனிட் அளவும், ஒன்றரை டன்னை ஒட்டிய எடையும் வேண்டும். சிறு மிதவைக்கு அது நடக்கிற காரியம் இல்லை. ஹைட்ராலிக்கில், 72 விழுக்காடு செயல்திறன் என்று வைத்தால், எஞ்சின் சுமார் 17 கிலோவாட் தர வேண்டும். டீசல் நாளுக்கு 44 லிட்டர் செலவாகும். நேரடி இயக்கமாக இருந்தால் 32 லிட்டரில் முடிந்திருக்கும் என்பது உண்மை. ஆனால் ஒரே எஞ்சினிலிருந்து இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் கன்வேயருக்கும் கத்திக்கும் நேரடி ஷாஃப்ட் கொடுக்க வழியே இல்லை. கூடுதல் 12 லிட்டர் அந்த வசதிக்கான வாடகை.

செடிக்குள் வேலை செய்யும்போதுதான் இந்த இயக்கத்தின் அருமை தெரியும். தண்டும் வேரும் சக்கரத்திலோ புரொப்பல்லரிலோ சுற்றத் தொடங்கியதும் அழுத்தமானியின் முள் 90 பாரிலிருந்து (பார் என்பது அழுத்தத்தின் அலகு) மெல்ல ஏறி 150ஐத் தொடும். அப்போது, மிகுந்த அழுத்தத்தை வெளியேற்றும் ரிலீஃப் வால்வு திறந்து சீறும் சத்தம் கேட்கும். எஞ்சின் திணறாது, ஷாஃப்ட் முறுக்காது. ஓட்டுநர் லீவரைப் பின்னோக்கித் தள்ளிச் சில நொடிகள் எதிர்த்திசையில் சுழலவிட்டால் சுற்றிய தண்டு பிரிந்து அமரத்துக்குப் பின்னால் மிதந்து வரும். மின் மோட்டாராலும் பின்னோக்கிச் சுழல முடியும்தான். ஆயினும் சுற்றாமல் நின்ற நிலையில் நெடுநேரம் முறுக்கு கொடுத்தால் அதன் சுருள் சூடேறும், கன்ட்ரோலர் தன்னைக் காத்துக்கொள்ள நிறுத்திவிடும்.

அளவுகளைத் தேர்வதற்கு ஒரு சூத்திரம் போதும்: நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதை அழுத்தத்தின் பாரால் பெருக்கி 600ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். புரொப்பல்லருக்கு 7.5 கிலோவாட் வேண்டும், 150 பாரில் ஓட்டலாம் என்றால் நிமிடத்துக்கு 30 லிட்டர் எண்ணெய் ஓட வேண்டும். எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடினால் சுற்றுக்கு 16 சிசி பம்பு சரியாக இருக்கும். புரொப்பல்லர் சுமார் 550 சுற்றில் சுழல வேண்டும் என்றால் 50 சிசி மோட்டாரைக் கேளுங்கள். அழுத்தக் குழாய்க்கு அரை அங்குல ஹோஸ் போதும். டேங்கிலிருந்து பம்புக்கு வரும் உறிஞ்சு குழாயோ ஒரு அங்குலத்துக்குக் குறையவே கூடாது. பணத்தை மிச்சம் பிடிக்க அதையும் அரை அங்குலமாகப் போட்டுவிட்டால் பம்புக்குள் காற்றுக்குமிழி உண்டாகி, கூழாங்கல் அரைப்பது போன்ற இரைச்சலோடு சில மாதங்களில் பம்பு தேய்ந்துவிடும்.

வெப்பத்தைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். 17 கிலோவாட்டில் 12 மட்டுமே வேலையாகிறது என்றால் மீதி 5 கிலோவாட்டும் பெரும்பாலும் எண்ணெயைத்தான் சூடாக்குகிறது. சித்திரை வெயிலில் டேங்கின் சுவர் மட்டும் அதை வெளியேற்றாது. படகின் அடியில் ஆற்று நீர் படும்படி குளிர்விப்புக் குழாய் ஓட்டி, எண்ணெயை 60 டிகிரிக்குள் வைத்திருங்கள். டேங்க், பம்பு ஒரு நிமிடத்தில் தள்ளும் அளவைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு இருக்கட்டும். நம் வெப்பத்துக்கு 68ஆம் எண் ஹைட்ராலிக் எண்ணெய் பொருந்தும். எண்ணெய் பால் கலந்தாற்போல் வெளுத்தால் சீல் வழியே தண்ணீர் நுழைந்திருக்கிறது என்று பொருள். அறுந்து மிதக்கும் நைலான் வலைக்கண்ணி ஷாஃப்டில் சுற்றி, சீலின் உதட்டை அறுத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஒழுக்கு எங்கே என்று ஹோஸைக் கையால் தடவித் தேடாதீர்கள். ஊசிமுனைத் துளையிலிருந்து 150 பாரில் வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். சிறு குத்தாகத் தெரிந்தாலும் உடனே அறுவைச் சிகிச்சை தேவைப்படும் காயம் அது. எஞ்சினை நிறுத்தி, அழுத்தம் இறங்கிய பிறகே தொடுங்கள். ஓடும்போது பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஒரு அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். அலையாத்திக் காட்டுக்குள் ஓடும் படகில், மண்ணில் மக்கும் எஸ்டர் வகை எண்ணெயைப் பயன்படுத்துவதே முறை. விலை அதிகம்தான், இருந்தாலும் அங்கே ஒரு ஹோஸ் வெடித்தால் போவது இறால் குஞ்சும் நண்டும் வளரும் இடம்.

பழுதுபார்ப்பவர் யார்?

இந்த ஒரு விஷயத்தில் டெல்டாவுக்குத் தனி வசதி உண்டு. குறுவை, சம்பா அறுவடைக்கு வரும் பெல்ட் வகை அறுவடை இயந்திரங்களில் பெரும்பாலானவை ஹைட்ராலிக் முறையில் நகர்பவை. மண் அள்ளும் இயந்திரங்களும் அப்படியே. ஆகவே மன்னார்குடியிலும் தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் ஹோஸ் வெட்டி முனை பிடித்துத் தரும் கடையும், பம்பைப் பிரிக்கத் தெரிந்த மெக்கானிக்கும் கிடைப்பார்கள். அவர்களுக்குப் படகு புதிது, பம்பு புதிதல்ல. மின் இயக்கத்தில் பழுது குறைவு. ஆனால் கன்ட்ரோலர் போனால் உள்ளூரில் திறந்து பார்ப்பவர் அரிது, பெட்டியையே கழற்றி அனுப்ப வேண்டிவரும். எனவே விற்பனையாளரிடம் உதிரிக் கன்ட்ரோலர் எத்தனை நாளில் வந்துசேரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். முடிந்தால் ஒன்றை வாங்கியே வைத்துக்கொள்ளுங்கள்.

டீசல் ஜெனரேட்டர் வைத்து மின் மோட்டாரை ஓட்டும் கலப்பு முறையையும் சிலர் பரிந்துரைப்பார்கள். ஜெனரேட்டரிலும் மாற்றிகளிலும் மோட்டாரிலும் சேர்ந்து வீணாவது ஏறக்குறைய ஹைட்ராலிக் அளவுக்கே வந்துவிடும். இடையில் நல்ல பேட்டரி இருந்து, பெரும்பாலான ஓட்டம் கரைமின்சாரத்தில் நடந்தால் மட்டுமே அது பொருளுடையது.

பணம் கொடுக்கும் முன்

இயந்திரத்தால் இயங்கும் உள்நாட்டுக் கலங்களின் பதிவையும் ஆய்வையும் 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் முறைப்படுத்துகிறது. மின் மோட்டார் என்பதால் விலக்கு உண்டு என்று யாராவது சொன்னால் நம்பிவிடாமல், வரைபடத்தோடு முன்கூட்டியே பதிவு அதிகாரியிடம் கேட்டுவிடுங்கள். மீன்பிடிப் படகை மாற்றுபவர்கள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் நடப்பிலிருக்கும் தடைக்காலத்துக்குள் வேலையையும் சோதனையையும் முடிக்கும்படி திட்டமிடுவது நல்லது.

சோதனையில் முதலில் படகைத் துறையில் கட்டிவைத்து அரைமணி நேரம் முழுத்திறனில் ஓட்டச் சொல்லுங்கள். ஹைட்ராலிக் என்றால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணெயின் வெப்பத்தையும் அழுத்தத்தையும், மின் இயக்கம் என்றால் மோட்டாரின் வெப்பத்தையும் ஆம்பியரையும் எழுதுங்கள். அரைமணி முடிவிலும் வெப்பம் ஏறிக்கொண்டே இருந்தால் குளிர்விப்பு போதவில்லை. பிறகு முழுச் சுமையோடு, காற்று எழும் பிற்பகலில், உங்கள் வழக்கமான பாதையில் போய்த் திரும்புங்கள். காலை அமைதியில் வெறும் படகை ஓட்டிக் காட்டுவதை ஏற்க வேண்டாம். திரும்பிவந்ததும் செலவான லிட்டரையோ யூனிட்டையோ, முதலில் கேனை வைத்து அளந்து போட்ட கணக்கோடு ஒப்பிடுங்கள். வேறுபாடு 15 விழுக்காட்டைத் தாண்டினால் புரொப்பல்லரின் அளவு பொருந்தவில்லை என்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். அதை மாற்றித் தந்து மறுபடி ஓட்டிக் காட்டும் வரை கடைசித் தவணையை நிறுத்திவைக்கலாம் என்ற வரியை ஒப்பந்தத்தில் முதலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.